துண்டுக்கு அடியில்

நீங்கள் கட்டியிருப்பது பட்டுப் புடவை இல்லை, மேடம். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பட்டு என்று சொல்லித்தான் கொடுத்திருப்பான், நீங்களும் பட்டின் விலையைத்தான் கொடுத்திருப்பீர்கள். ஆனால் உட்காரும்போது மடிப்பிலிருந்து வருகிற சத்தம் வேறு. இந்தத் தொழிலில் ஊறியவனுக்குக் கண்ணைவிடக் காது முந்திக்கொள்ளும். எந்தக் கடை என்று சொல்லுங்கள், வெளியே போனதும் நானே பேசி மாற்றித் தருகிறேன். வெளியே போவது எப்போது என்பது உங்கள் கையில் இருக்கிறது, அதனால் அவசரமில்லை.

நீங்கள் கேட்டது வேறு, தெரியும். பக்கத்து அறையில் இருக்கிற பரிமளா, யார் எதைக் கேட்டாலும் ஏன் வாயைத் திறக்காமல் வலது கையை நீட்டுகிறாள் என்று கேட்டீர்கள். குழந்தைகள் இல்லத்துச் சமையல்காரம்மா ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டாலும் கை. டாக்டர் எங்கே வலிக்கிறது என்றாலும் கை. யாருடன் போக விருப்பம் என்று உங்கள் குழந்தைகள் நலக் குழுவில் கேட்டபோதும் கையை நீட்டிவிட்டு மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். காது கேட்கவில்லையோ என்று சோதனைக்குக் கூட்டிப்போனதாகவும் கேள்விப்பட்டேன். வீண் அலைச்சல். அவளுக்குக் காதும் நன்றாகக் கேட்கும், பேச்சும் நன்றாக வரும். பதில் ஒரு வழியாக வந்து பழகியவள். அந்த வழி இப்போது அடைத்துக்கொண்டிருக்கிறது, அதனால் காத்திருக்கிறாள். அவ்வளவுதான்.

இது புரிய வேண்டுமென்றால் என் அப்பாவிலிருந்து தொடங்க வேண்டும். அவர் மாட்டுத் தரகர். ஆரணிக்குப் பக்கத்தில் சேத்துப்பட்டு வட்டாரத்தில் எந்தச் சந்தை கூடினாலும் போவார், என்னையும் கூட்டிப்போவார். மாட்டுப் பேரம் வாயால் நடக்காது, மேடம். விற்கிறவனும் வாங்குகிறவனும் கைகோத்துக்கொள்வார்கள், மேலே ஒரு துண்டைப் போட்டு மூடுவார்கள். விலை முழுக்க விரல்களுக்குள் நடக்கும். இந்த விரலைப் பிடித்தால் இவ்வளவு, அந்த விரலை மடக்கினால் அவ்வளவு. வாய் மட்டும் மழையைப் பற்றியும் மகள் கல்யாணத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும். சுற்றி ஊரே நின்றாலும் யாருக்கும் ஒன்றும் தெரியாது. பேரத்துக்கு உள்ளான மாடும் பக்கத்திலேயேதான் நிற்கும், அதற்கும் தெரியாது.

நான் மாட்டை விட்டுப் பட்டுக்கு வந்தேன். மாடு உதைக்கும், பட்டு உதைக்காது என்பதைத் தவிரப் பெரிய காரணம் இல்லை. ஆரணியில் பட்டுக்குத் தரகு பார்ப்பவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. அதில் நான் கொஞ்சம் பேச்சு சாமர்த்தியம் உள்ளவன் என்று பெயர். அதனால்தான் சென்னையில் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனி என்னைப் பிடித்தது. நூலை வாங்கி முள்ளிப்பட்டுத் தறிக்காரர்களுக்குக் கொடுப்பது, புடவையாக வாங்கி அனுப்புவது, இது என் வேலை. கம்பெனியின் புடவைக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. முந்தானை ஓரத்தில் சின்னதாக ஒரு அட்டை தொங்கும். குழந்தைகளின் உழைப்பு படாத புடவை என்று அதில் மூன்று பாஷையில் அச்சடித்திருக்கும். வெளிநாட்டில் அந்த அட்டைக்குத்தான் விலை, புடவை இனாம் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. கம்பெனி முதலாளியும் சிரிப்பார். சிரித்துவிட்டு, "நம்ம தறிங்கள்ல அந்த மாதிரி பிரச்சனை எதுவும் இல்ல இல்லீங்களா, சம்பந்தம்?" என்று என் பேரைச் சொல்லிக் கேட்பார். இல்லை என்கிற பதில் கேள்விக்குள்ளேயே மடித்து வைக்கப்பட்டிருக்கும். நான் எடுத்து அவரிடமே கொடுப்பேன். அவர் அதை வெளிநாட்டுக்காரனிடம் கொடுப்பார். துண்டு இல்லாமலேயே நடக்கிற பேரம் அது. பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிற உங்கள் ஆபீஸ் தம்பி இந்த இடத்தை எழுதாவிட்டாலும் பரவாயில்லை, பெரிய இடம்.

கம்பெனிக்கு வேண்டியது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் சேருகிற இடத்தில் தைத்தது போலப் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்த மாதிரி நெய்ய, குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடா மூன்று ஓட வேண்டும். தறிக்காரனுக்கு இருப்பது இரண்டு கை. வலது பக்கத்துக் கரையின் நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்தே ஆக வேண்டும். எங்கள் ஊர் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். தறி போட்டால் மிச்சமிருப்பது சுவருக்கும் தறிக்கும் நடுவில் ஒரு சந்து. பெரிய ஆள் அதில் நுழைந்தால் மூச்சு விட முடியாது, மூச்சு விட்டாலும் கூலி கேட்பான். ஆகவே அந்த இடம் சின்ன உடம்புக்கென்றே அளவெடுத்து வைத்தது போல இருக்கும். இதை நான் கண்டுபிடிக்கவில்லை, மேடம். நான் பிறக்கும் முன்பே அந்தச் சந்து அங்கே இருந்தது.

குப்புராஜ் என்று முள்ளிப்பட்டில் ஒரு தறிக்காரன். கை சுத்தம். அவன் மனைவி தெய்வநாயகி. பிள்ளை இல்லை. வலது பக்கம் உட்கார்ந்துகொண்டிருந்தது தெய்வநாயகிதான். அவளுக்கு முதுகுத்தண்டில் ஏதோ கோளாறு வந்து உட்கார முடியாமல் போனது. தறி நின்றது. கம்பெனியில் ஆர்டர் நின்றது. எனக்கு சென்னையிலிருந்து போன் மட்டும் நிற்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் குணசுந்தரி வந்தாள். தேசூர் பக்கத்துக்காரி. புருஷன் இறந்துவிட்டான். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போகிறாள். சிமெண்டுக்கும் ஜல்லிக்கும் நடுவில் பெண் குழந்தையை வைத்துக்கொள்ளப் பயம். "எங்கனா ஒரு நல்ல வீட்ல இருந்துகினு படிக்கட்டும்ணா, நான் வந்து வந்து பாத்துக்கறேன்" என்றாள். பயம் நியாயமானது. நான் நல்ல வீடு ஒன்றைக் காட்டினேன். தெய்வநாயகி அன்று பரிமளாவுக்குத் தலை வாரிவிட்டதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இதில் யாருக்காவது கெடுதல் இருக்கிறதா என்று நான் அப்போதே யோசித்தேன். இருப்பதாகத் தெரியவில்லை. தாய்க்கு நிம்மதி, பிள்ளையில்லாதவளுக்குப் பிள்ளை, தறிக்கு வலது கை.

பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். சேர்த்தோம் என்றுதான் சொன்னேன், தம்பி, போனாள் என்று எழுதிவிடாதே.

பரிமளா கெட்டிக்காரி. நாடா தள்ளுவதை ஆடி பிறப்பதற்குள் பிடித்துக்கொண்டாள். சந்துக்குள் போக வேண்டுமென்றால் தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூலுக்கு அடியில் தவழ்ந்து போக வேண்டும். உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் குப்புராஜ் எழுந்து வழிவிடும்வரை வெளியே வர முடியாது. முதலில் அழுதாள். அப்புறம் அங்கேயே சாய்ந்து தூங்கப் பழகிவிட்டாள். அவள் தலை படுகிற இடத்தில் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு வட்டமாக இருக்கும். அதற்கு மட்டும் நான் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னேன்.

ஆடிட் என்று கம்பெனி ஆள் வருவார். ராஜேஷ் என்று ஒரு பையன், நல்ல படிப்பு, நல்ல ஷூ. தறிக்காரர்களின் சொந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து கொஞ்சம் ஒத்தாசை செய்தால் சட்டத்தில் இடம் உண்டு என்று அவன்தான் ஒருமுறை காபி குடிக்கும்போது சொன்னான். தகவலாகத்தான் சொன்னான். தகவலை எப்படிப் பயன்படுத்துவது என்று வியாபாரிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்றிலிருந்து பரிமளா குப்புராஜின் மகள். நான் அவளுக்குப் பெரியப்பா.

மகள் என்று நாம் சொன்னால் போதாது, மகள் சொல்ல வேண்டும். அங்கேதான் சிக்கல். சின்னக் குழந்தை. கேள்வி எப்படி வரும் என்று தெரியாது. மனப்பாடம் செய்யவைத்தால் ராஜேஷ் மாதிரி ஆட்கள் கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்பார்கள், மாட்டிக்கொள்வாள். அப்பாவின் துண்டு அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

ஒரு விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். பக்கத்தில் உட்காரவைத்து, அவள் கையை என் கையில் வைத்துக்கொண்டு, தோள் துண்டை மேலே போட்டுவிடுவேன். பார்க்கிறவர்களுக்குச் செல்லமாகத் தெரியும். கட்டை விரலைப் பிடித்தால் ஆமாம். சுண்டு விரலைப் பிடித்தால் இல்லை. கை முழுவதையும் மூடினால் சும்மா சிரிக்க வேண்டும். சரியாகச் சொன்னால் முறுக்கு. அவளுக்கு முறுக்கு ரொம்பப் பிடிக்கும்.

"நீ ஸ்கூலுக்கு டெய்லி போறியா?" என்று கேட்டுக் கட்டை விரலைப் பிடிப்பேன். "போறேன்" என்பாள். "தறியில உக்காருவியா?" சுண்டு விரல். "மாட்டேன்." சிலசமயம் வேண்டுமென்றே தப்பாகப் பிடித்துப் பார்ப்பேன். "உன் பேரு பரிமளாவா?" என்று கேட்டுச் சுண்டு விரலைப் பிடிப்பேன். முதலில் சிரித்தாள். "இன்னா பெரிப்பா, அதான் என் பேரு." அதுதான் கூடாது என்று சொல்ல வேண்டியிருந்தது. விரல் சொல்வதுதான் பதில், மனசு சொல்வதல்ல.

நான் அடித்தது கிடையாது. தெய்வநாயகியைக் கேளுங்கள், குப்புராஜைக் கேளுங்கள், ஒரு அடி கிடையாது. அவளாக ஒரு பதில் சொல்லிவிட்டால் அன்று முழுக்க வீட்டில் யாரும் அவளோடு பேசக்கூடாது என்று மட்டும் சொல்லிவைத்திருந்தேன். சோறு உண்டு, பாய் உண்டு, பேச்சு கிடையாது. அவள் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக்கூடாது. தெய்வநாயகிக்குத்தான் கஷ்டமாக இருந்தது. "கொயந்த மூஞ்சப் பாக்க முடிலண்ணா, செவுத்தோட பேசிகினு கெடக்கு" என்று வந்து நிற்பாள். "பழகிடும்மா" என்பேன். பழகிவிட்டது. கார்த்திகைக்குள் "உன் பேரு பரிமளாவா" என்று கேட்டால், கண்ணைச் சிமிட்டாமல், விரலுக்குத் தகுந்த மாதிரி ஆமாம் என்றும் சொல்வாள், இல்லை என்றும் சொல்வாள். முறுக்குக்காகச் சொல்லவில்லை. முறுக்கை வாங்கி வைத்துவிட்டு மறந்துவிடுவாள்.

குணசுந்தரி போன் செய்வாள். என் போனுக்குத்தான் வரும். "பேசறியா" என்று பரிமளாவிடம் நீட்டுவேன். அவள் கையை நீட்டுவாள். நான் கையை முழுவதும் மூடுவேன். சிரிப்பாள். சிரிப்பு போனில் கேட்காது அல்லவா. "தூங்குதும்மா" என்று சொல்லிவிடுவேன். அவள் அம்மா செத்துவிட்டாள் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அம்மா எப்போது வரும் என்று அவள் கேட்பதை நிறுத்தினாள், நான் அதைத் தடுக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் தறிகளுக்கு லீவு அமாவாசை. ஞாயிற்றுக்கிழமைகூட ஓடும், அமாவாசையன்று ஓடாது. ஆடிட்டை எப்போதும் அமாவாசையில்தான் வைத்துக்கொள்வேன். தறிக்குத் துணி போர்த்தியிருக்கும், சந்து காலியாக இருக்கும், பிள்ளைகள் தலைக்குக் குளித்துப் புதுச் சட்டை போட்டிருக்கும். ராஜேஷும் போட்டோ எடுத்துக்கொண்டு, "எவ்ளோ பீஸ்ஃபுல்லா இருக்கு சார்" என்பான். யாருக்கும் பேஜார் இல்லாத ஏற்பாடு. குணசுந்தரி கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். "நெனச்சப்பல்லாம் வராதம்மா, கொழந்தைக்குப் படிப்பு கெடும். வர்றதா இருந்தா ஒரு அமாவாசையா பாத்து வா." அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். மேஸ்திரி விடமாட்டான், பஸ் காசு ஆகும். இரண்டு பேருக்கும் ஒரே நாளைக் கொடுத்தது என் தப்பு. வாழ்க்கையில் நான் செய்த ஒரே தப்பு என்றுகூடச் சொல்லலாம்.

தை அமாவாசை. குப்புராஜ் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து ராஜேஷை உட்காரவைத்திருந்தோம். வடை, பாயசம் எல்லாம் ஆயிற்று. பரிமளா என் பக்கத்தில், கை என் கையில், மேலே துண்டு. அன்று அவள் சொன்ன பதில்கள் எல்லாம் மணி மாதிரி. தறியில் உட்காருவியா, மாட்டேன். அப்பா திட்டுவாரா, மாட்டாரு. ராஜேஷ் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. குணசுந்தரி. வெயிலில் கறுத்து, பாதியாக இளைத்து, கையில் ஒரு துணிப்பை. பையிலிருந்து அவித்த மல்லாட்டை வாசம், எங்கள் பக்கம் வேர்க்கடலையை அப்படித்தான் சொல்வோம். பெண்ணைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு வாசல்படியிலேயே குந்திக்கொண்டாள். ஓடி வரும் என்று கையை விரித்து வைத்திருந்தாள்.

பரிமளா ஓடவில்லை.

"ஏய் பரிமளா, நான்டி. அம்மாடி. இன்னாடி அப்டி பாக்கற, எளச்சிட்டேன்னு அடையாளம் தெரிலயா?"

ராஜேஷ் என்னைப் பார்த்தான். குப்புராஜ் தறிப் பக்கம் திரும்பிக்கொண்டான். தெய்வநாயகி சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்று சொல்கிறேன், மேடம். அந்த நேரத்தில் அந்த வீட்டில் வெளியே போக வழி இருந்தது அந்தத் தாய்க்கு மட்டும்தான். அவள் வாசலில் இருந்தாள். மற்ற எல்லோரும் உள்ளே இருந்தோம். நான் ஆமாம் என்றால் அட்டை போயிற்று. அட்டை போனால் கம்பெனி போயிற்று, முள்ளிப்பட்டில் அந்தக் கம்பெனியை நம்பி ஓடுகிற தறி எல்லாம் போயிற்று. அதற்கெல்லாம் சேர்த்து ஒரு விரலை நான் பிடிக்க வேண்டும்.

ராஜேஷ் நல்ல பையன். குழந்தையிடமே கேட்டான். "பாப்பா, இவங்க யாரு? உங்க அம்மாவா?"

இந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். பரிமளாவின் உதடு பிரிந்தது. ஆ என்று ஒரு காற்று வெளியே வந்தது. சொல்லியிருக்கலாம். யாரும் வாயைப் பொத்தவில்லை. ஆனால் அவள் நிறுத்தினாள். என் உள்ளங்கையில் அவள் கை அசையாமல் விரிந்து கிடந்தது, அஞ்சு விரலும் தனித்தனியாக. காத்திருந்தாள்.

நான் சுண்டு விரலைப் பிடித்தேன்.

"இல்ல" என்றாள்.

தெளிவாகச் சொன்னாள். குணசுந்தரி கத்தவில்லை. நான் எதிர்பார்த்தேன், கத்தினால் பைத்தியம் என்று சொல்லி அனுப்ப வசதியாக இருந்திருக்கும். அவள் பெண்ணின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் துண்டைப் பார்த்தாள். தேசூர்க்காரி, மாடு கன்று பார்த்து வளர்ந்தவள். "துண்ட எடுண்ணா" என்றாள் என்னிடம், மெதுவாக. "அது கைய வுடு. வுட்டுட்டு கேளு."

நான் விடவில்லை. குளிர் அடிக்கிறது, குழந்தைக்கு ஜுரம் என்று சொன்னேன். தை மாதம் பாருங்கள், நம்பும்படியாகத்தான் இருந்தது. ராஜேஷ் மிச்சப் பாயசத்தைக் குடித்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று போனில் தட்டிக்கொண்டு புறப்பட்டான். அவனுக்கும் தெரியும் என்று நான் நினைக்கிறேன். தெரிந்ததைத் தெரியாமல் வைத்துக்கொள்ளத்தான் அந்தப் படிப்பு, அந்த ஷூ.

குணசுந்தரி முள்ளிப்பட்டு பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்து, யாரோ ஒரு காலேஜ் பெண்ணின் போனை வாங்கி, குழந்தைகள் உதவி எண்ணில் உங்கள் ஆட்களைக் கூப்பிட்டாள். மற்றது உங்களுக்குத் தெரியும். மல்லாட்டைப் பையை எடுக்காமல் போய்விட்டாள். அன்று சாயங்காலம் தெய்வநாயகி அதைப் பரிமளாவிடம் கொடுத்து, "துன்றியாம்மா?" என்று கேட்டாளாம். பரிமளா என்னைத் தேடிப் பார்த்தாளாம். நான் அதற்குள் கிளம்பிவிட்டிருந்தேன். கையை நீட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாளாம், இருட்டும்வரை.

ஆகவே நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். குணசுந்தரி அவளுடைய தாய், அதை ரத்தப் பரிசோதனை சொல்லிவிட்டது, நானும் சொல்கிறேன். குழந்தையைச் சந்துக்குள் அனுப்பியது நான். அவள் வாயை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டதும் நான்தான், நீங்கள் அப்படித்தான் எழுத விரும்பினால். தம்பி எழுதிக்கொள்ளட்டும், கையெழுத்துப் போடுகிறேன். நான் அதைக் கவனம் என்று சொல்வேன். அந்தக் குழந்தையிடம் நான் பேசிய அளவுக்கு, கேள்வி கேட்ட அளவுக்கு, கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அளவுக்கு வேறு யாரும் இருந்ததில்லை. பெற்றவள்கூட இல்லை. இந்த உலகத்தில் அவள் நம்புவது என் கையை மட்டும்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு, மறைப்பானேன்.

குணசுந்தரி வெளி வராந்தாவில் தினமும் வந்து உட்கார்ந்திருப்பதாகச் சொன்னீர்கள். தாய் பக்கத்தில் போனால் பெண் கையை நீட்டுகிறாள், தாய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள், எந்த விரலைப் பிடிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை, பெண் கையை உருவிக்கொள்கிறாள். பாவம்தான். அவளைக் குறை சொல்ல முடியாது, பழக்கம் வேண்டும்.

உங்களுக்குக் குழு முன்னால் ஒரு பதில் வேண்டும். இப்படி நாள் போய்க்கொண்டே இருந்தால் குழந்தை இல்லத்திலேயே இருந்துவிடும். என் துண்டு உங்கள் ஆட்கள் எடுத்துவைத்த சாமான்களோடு இருக்கிறது, நீலக்கரை போட்டது. அதைக் கொடுத்து என்னை அந்த அறையில் கொஞ்ச நேரம் உட்காரவிடுங்கள். கட்டை விரலைப் பிடிக்கிறேன், வாய் நிறைய அம்மா என்பாள். ஜல்தியாக முடிந்துவிடும்.

நீங்கள் தலையை ஆட்டுகிறீர்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல், அவளாகவே, அவள் இஷ்டப்படி சொல்ல வேண்டும் என்கிறீர்கள்.

சரி, மேடம். அப்படியே சொல்லவைக்கிறேன்.